ஆதம்பாக்கத்தில் ஒரு காற்று வண்டி

பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மேற்கே திரும்பி மலையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு மாறுதலுக்குக் கிழக்கே திரும்பிப் பாருங்கள். மாடிகளில் துணி உலர்கிறது. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வர முடியாமல் தவிக்கிறது. தலைக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று, நம் வீட்டு மொட்டை மாடியில்தான் இறங்கப் போகிறதோ என்று பயமுறுத்துகிறது. அதுதான் ஆதம்பாக்கம்.

"அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மயிலாப்பூரில் தெப்பக்குளம் இருக்கிறது. தியாகராய நகரில் புடவைக் கடைகள் இருக்கின்றன. அடையாற்றில் ஆலமரம் இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் என் அக்கா இருக்கிறாள். எனக்கு அது போதும்.

உங்களுக்குப் போதாது என்றால் இன்னும் சொல்கிறேன். நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிருங்கி முனிவர் தவம் செய்தபோது நந்தி வடிவில் இறைவன் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். பரங்கிமலையே முதலில் பிருங்கி மலைதான் என்று சாதிக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஓர் ஏரி இருக்கிறது. கிண்டிப் பக்கத்திலிருந்து வந்தால் 'வண்டிக்காரன் தெரு' என்று ஒன்று இருக்கிறது. ஆலந்தூர் நகராட்சியில் இருந்த ஊர், 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் அக்கா இன்றைக்கும் தியாகராய நகருக்குப் புறப்படும்போது "மெட்ராஸுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வாள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாடியிலிருந்து ஏதோ இரும்புச் சாமானை இழுக்கும் சத்தம். "என்ன அக்கா அது?" என்றேன்.

"பக்கி!" என்றாள் அக்கா.

யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்தேன். பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறவனை நம் பாட்டிமார்கள் வைகிற வார்த்தை அல்லவா அது! அப்புறம்தான் தெரிந்தது, அவள் யாரையும் திட்டவில்லை. சாமானின் பெயரே அதுதான். கைட் பக்கி. அதாவது, பட்டம் இழுத்துக்கொண்டு போகும் வண்டி.

என் அக்கா மகன் அதை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். நியூஸிலாந்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த சிநேகிதன் ஒருவன் கொடுத்தானாம். மூன்று சக்கரம். தரையோடு தரையாக, சாய்வு நாற்காலி மாதிரி ஓர் ஆசனம். முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கக் குச்சி. காலால் திருப்ப வேண்டும். கைகள் பட்டத்தின் கயிறுகளைப் பிடித்திருக்கும். குதிரை இல்லை, எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை. பட்டம் காற்றைப் பிடிக்கும். காற்று வண்டியைப் பிடிக்கும்.

இது நேற்று முளைத்த பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். இரண்டு பட்டங்கள் இழுக்கும் ஒரு சாரட்டைச் செய்து 1826-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காலத்தில் சாலைச் சுங்கம் குதிரைக் கணக்கு. "குதிரையே இல்லையே, எதற்குச் சுங்கம்?" என்று வாத்தியாரின் வண்டி காசு கொடுக்காமல் போய்விடும். அதே வாத்தியார் தம் பெண் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பட்டத்தில் கட்டி ஆகாயத்தில் ஏற்றினார் என்பதும் சரித்திரம்! அந்தப் பெண் பத்திரமாக இறங்கி, கலியாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்றாள். அவர்களில் ஒருவர்தான் தாடிக்கும் கிரிக்கெட்டுக்கும் புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ்.

நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் இந்த யோசனை தூங்கிற்று. 1990 வாக்கில் நியூஸிலாந்தில் ஆஷ்பர்ட்டன் என்ற ஊரில் பீட்டர் லின் என்ற பட்டக்காரர் எவர்சில்வர் குழாயை வளைத்து மூன்று சக்கரம் பூட்டினார். இன்றைக்கு உலகில் அகன்ற கடற்கரை உள்ள இடமெல்லாம் ஓடுகிற பக்கி அந்த வண்டியின் வாரிசுதான்.

ஆதம்பாக்கத்துக்கு வந்த வாரிசு மட்டும் ஓடுகிற நிலையில் இல்லை. ஆறு வருஷம் மொட்டை மாடி வெயிலில் கிடந்ததில் பிளாஸ்டிக் ரிம் வெடித்துவிட்டது. டயர் வறண்ட வயல் மாதிரி பிளந்திருந்தது. பேரிங்குகள் உப்பில் இறுகி, சுற்ற மாட்டேன் என்றன. முன் சக்கரத்துக்கு மட்கார்டு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

ஆறு வருஷம் ஏன் மாடியில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தான் கழுத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வடசென்னையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கழுத்தைத் தொட்டது. மாஞ்சா நூல். ஒன்பது தையல் போட்டார்கள். அவர் பிழைத்தார், பிழைக்காதவர்கள் உண்டு. 2019 நவம்பரில், தகப்பனார் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தை இதே வடசென்னையில் மாஞ்சாவுக்குப் பலியானதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நைலான் போன்ற செயற்கை நூலில் செய்த மாஞ்சாவை 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. தடை காகிதத்தில் இருந்தது; நூல் காற்றில் இருந்தது.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் 'பட்டம்' என்ற வார்த்தை கிடையாது. பையன் பி.இ. பட்டம் வாங்கியபோதுகூட "படிப்பு முடிச்சுட்டான்" என்றுதான் சொன்னாள்!

அப்படிப்பட்ட வீட்டில் இந்த வண்டி எப்படிக் கீழே இறங்கியது? "சக்கரம் மட்டும் மாட்டிக்கிறேன்மா. ஓட்டறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றானாம். அம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"மாமா, நீங்களும் வாங்க" என்று அவன் கூப்பிட்டான். இரண்டு பேரும் சக்கரம் தேடிப் புறப்பட்டோம்.

நேயர்களே, ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கோயிலைப் பார்த்தால் மட்டும் போதாது. உடைந்த சாமான் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். ஊரே பேச ஆரம்பித்துவிடும். பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்தார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். பால் வாங்க வந்த அம்மாள், "குழந்தைக்கு நடைவண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பஞ்சர் கடைக்காரர் பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்து, அதில் இருந்த எண்ணைப் படித்தார். நாலு - எட்டு. "இது சீமை டயரா? இது நம்ம ஆட்டோ டயர் சைஸ் சார்!" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நியூஸிலாந்துக்காரர் தோட்டத்துத் தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறார். அதுவும் நம் ஆட்டோ ரிக்ஷாவின் சக்கரமும் ஒரே அளவு. நாலு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம். கப்பலில் வரவழைக்க வேண்டும் என்று நினைத்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

ஆட்டோ ரிம் இரண்டு பாதியாக இருக்கும். டியூபையும் டயரையும் நடுவில் வைத்து இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முடுக்குவார்கள். ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும். பஞ்சர் கடைக்காரர் இதை மூன்று தடவை சொன்னார். அவருடைய குரலைக் கேட்டபோது, யாருக்கோ நேர்ந்ததைப் பார்த்தவர் என்று தோன்றிற்று.

டயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஆட்டோ சக்கரம் ஆட்டோவின் பிரேக் டிரம்மில் மாட்டுவதற்காகச் செய்தது. பக்கியில் பிரேக்கும் இல்லை, டிரம்மும் இல்லை; 20 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அச்சு மட்டும்தான். நடுவில் ஒரு குடம் வேண்டும். தண்ணீர்க் குடம் இல்லை, சக்கரக் குடம். அதற்கு லேத் பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அச்சை வெர்னியர் காலிப்பரால் அளந்தார். ஒரு தடவை அளந்தது போதாதென்று மூன்று இடத்தில் அளந்தார். நான் பரங்கிமலையை நினைத்துக்கொண்டேன். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்த மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தை எஃகுச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாக அளந்தார். இந்தியாவையே அளந்த மாபெரும் நில அளவை அங்கேதான் தொடங்கியது. அளப்பதில் பொறுமை இந்தப் பக்கத்து மண்ணிலேயே ஊறிக் கிடக்கிறது போலும்!

"அலுமினியக் குடம் மூணு கடைஞ்சு தரேன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேரிங்" என்றார். 6204 என்று பெயர். உள் துவாரம் 20 மில்லிமீட்டர், வெளி விட்டம் 47. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக வாங்கச் சொன்னார். கடல் மணலுக்கு உள்ளே போக வழி கிடைத்தால் ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். "ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய்த் துண்டு வேணும் தம்பி. அது இல்லாம நட்டை முடுக்கினா, உள் வளையம் ரெண்டும் ஒண்ணை நோக்கி ஒண்ணு நெருங்கி, பேரிங் இறுகிப் போயிடும். முன்னாடி போட்டவங்க அதைத்தான் விட்டுட்டாங்க" என்றார். அரை அங்குலக் குழாய்த் துண்டு இல்லாததால் ஒரு சக்கரம் செத்திருக்கிறது!

மறுநாள் குடங்கள் தயார். பேரிங் உள்ளே போக வேண்டும். ஆனால் துவாரம் மயிரிழை சிறிது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். தளர்வாக இருந்தால் ஓடும்போது ஆடும். சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும்.

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கில்ல? பேரிங்கை ராத்திரி ஐஸ் பெட்டியில வை. காலைல குடத்தைக் கொதிக்கிற தண்ணியில போடு. தானா உள்ளே போயிடும்."

உங்களுக்கு இது புரியாத வித்தை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க என்ன செய்கிறீர்கள்? உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளியே வெந்நீரில் வைக்கிறீர்கள். அதே சங்கதிதான். கொதிநீரின் சூட்டில் அலுமினியத் துவாரம் விரிகிறது. குளிரில் எஃகு சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடம் கிடைக்கும். அது போதும்.

ஆனால் ஃப்ரிட்ஜ் அக்காவுடையது. அனுமதி கேட்காமல் அதில் ஒரு கொத்துமல்லிக் கட்டைக்கூட வைக்க முடியாது. பையன் ஆறு பேரிங்குகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். ஆறு வருஷமாகப் பேசாத பேச்சு அங்கேதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அக்கா. "அந்தக் கயிறு கழுத்தை அறுக்குமா, அறுக்காதா?"

கூடத்தில் அத்தான் பத்திரிகையைத் தாழ்த்தினார். 'அறுக்காதும்மா' என்று சொல்லிவிடேன் என்று என் மனசு பையனைக் கெஞ்சியது.

"அறுக்கும்மா" என்றான் அவன்.

"கண்ணாடித் தூள் கிடையாது. அது மாஞ்சா இல்லை. ஆனா ஓர் ஆளையும் வண்டியையும் இழுத்துக்கிட்டு விறைப்பா நிக்கிறப்போ எந்த மெல்லிய கயிறும் கத்திதான். அதனால இதை ஊருக்குள்ளே விடவே கூடாது. இங்கே விமானம் இறங்குற பாதை வேற. மெரினாவும் கூடாது, பெசன்ட் நகரும் கூடாது. ஜனங்க இல்லாத வெட்டவெளி வேணும். கயிறு எட்டுற தூரத்துக்குள்ளே யாரும் வராம ஒருத்தர் காவல் நிக்கணும். நான் ஹெல்மெட் போட்டுக்கணும். பட்டத்தைச் சட்டுனு விட்டுடற கொக்கி இருக்கணும். இதெல்லாம் இல்லேன்னா ஓட்ட மாட்டேன்."

அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"தயிர்ப் பக்கத்துல வைக்காதே. மேல் தட்டுல வை" என்றாள்.

மறுநாள் காலை இட்லிப் பானையில் மூன்று சக்கரக் குடங்கள் வெந்தன. இடுக்கியால் எடுத்து வைத்துப் பேரிங்கை விட்டதும், டொக்கென்று உட்கார்ந்தது. ஆறும் அப்படியே. அந்த 'டொக்'கைக் கேட்பதற்காகவே அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மிச்சம் இருந்தது மட்கார்டு. ஈர மணலில் ஓடும்போது முன் சக்கரம் மணலையும் உப்புத் தண்ணீரையும் வாரி வாரி மேலே இறைக்கும். ஓட்டுகிறவன் முகம் நேர் எதிரே, தாழ்வாக இருக்கிறது. கண்ணில் மணல் விழுந்தவன் கயிற்றைப் பார்க்க முடியாது. ஆகவே இது அலங்காரம் அல்ல, கண்ணுக்குக் காப்பு. நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் ஒரு காப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பின்னால் உட்காருகிறவர்களின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது. புடவைக்கு ஒரு காப்பு என்றால் கண்ணுக்கு ஒன்று வேண்டாமா?

தகரம் கடல் காற்றில் துருப்பிடிக்கும். கடையில் விற்கும் ஆட்டோ மட்கார்டு கனம். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா கொல்லைப்புறத்திலிருந்து ஒரு நீல நிற டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். 2019 கோடையில் சென்னையே குடமும் கையுமாக நின்றபோது வாங்கிய நூறு லிட்டர் டிரம். அடியில் விரிசல் விட்டிருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

அளந்து பார்த்தோம். டிரம்மின் விட்டம் 48 சென்டிமீட்டர். சக்கரத்தின் உயரம் 42. சுற்றிலும் 3 சென்டிமீட்டர் இடைவெளி. செய்து வைத்தாற்போல் பொருந்தியது! இடைவெளி இதைவிடக் குறைந்தால் ஈர மணல் அடைத்துக்கொண்டு பிரேக் பிடிக்கும். கூடினால் மணல் தப்பி வெளியே வரும். டயர் அகலம் 10 சென்டிமீட்டர். நாங்கள் 15-ஆக ஒரு பட்டை வெட்டினோம். எவர்சில்வர்ப் பட்டையில் தாங்கிகள் செய்து, அகலமான வாஷர் வைத்து, அதிர்ச்சியில் கழலாத நைலான் நட்டுப் போட்டு முன் போர்க்கில் பூட்டினோம்.

பரீட்சை தெருவிலேயே நடந்தது. பட்டம் இல்லை, பட்டத்துக்குப் பதில் நான்! இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். பையன் ஆசனத்தில் உட்கார்ந்தான். அக்கா ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். வண்டி தண்ணீரில் இறங்கி ஏறியது. பையனின் சட்டை முழுவதும் சேறு!

தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்கார்டை முறைத்துப் பார்த்தோம். "ரொம்ப முன்னாடி மாட்டியிருக்கீங்கடா" என்றாள் அக்கா. "தண்ணி சக்கரத்துக்குப் பின்பக்கம்தான் ஏறுது. அங்கே மூடாம நெத்தியில குல்லா போட்டா என்ன பிரயோஜனம்?"

அதுதான் விஷயம். சக்கரம் முன்னால் உருளும்போது அதன் பின்பக்கம் மேல் நோக்கி எழுகிறது. தண்ணீரும் அதோடு எழுகிறது. மட்கார்டை நாலு விரற்கடை பின்னால் இறக்கினோம். இரண்டாவது குடம் தண்ணீர். நான் மறுபடி பட்டமானேன். சட்டையில் ஒரு பொட்டு நீர் இல்லை.

இனி எங்கே ஓட்டுவது? தனுஷ்கோடி என்று முடிவாகியிருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று இடைவிடாமல் வீசும். இராமேசுவரம் கடலில் பட்டத்தால் இழுபட்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். உள்ளூர் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டு, மீனவர் வலை உலர்த்தாத இடமாக, ஆமைகள் முட்டையிடாத மாதமாகப் பார்த்துப் போக வேண்டும். டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் மணலில் புதையாது. திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

"எல்லாம் சரி. காவல் நிக்க யார் வருவா?" என்று பையன் கேட்டான். என்னைத்தான் பார்த்தான்.

அத்தான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிறகு கீழே இறங்கியது.

"நான் நிக்கிறேன்" என்றார். "அந்தக் கயித்துக்கிட்டே ஒருத்தனையும் வர விடமாட்டேன்."

அக்கா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதே, "நாலு பேருக்கு டிக்கெட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.